பதினான்காவது கேள்வி

பிரிக்பீல்ட்ஸில் அந்தக் கருத்தரிப்பு மருத்துவமனை ஒரு கடைவரிசையின் மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. லிஃப்டில் ஏறினால் சாம்பார் வாசனையும் கூடவே ஏறி வரும். அந்த வாசனை புனிதாவுக்குப் பிடிக்காமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அன்று அவளுடன் வந்திருந்தவள் நாத்தனார் மலர்விழி. கணவன் கமலநாதனுக்குத் துறைமுகத்தில் லீவு கிடைக்கவில்லை. அண்ணி தனியாகப் போகக் கூடாதென்று, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் தான் வேலை பார்க்கும் சேலைக் கடைக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் தாயிடம் விட்டுவிட்டு, பூச்சோங்கிலிருந்து கிளம்பி வந்திருந்தாள். அப்படிப்பட்டவள்தான். ஒருவர் கேட்பதற்கு முன்னால் செய்துவிடுவாள்.

டாக்டருக்காகக் காத்திருந்தபோது தலையில் துணி போட்ட ஒரு பெண் வந்து தன்னை ருக்கையா என்று அறிமுகம் செய்துகொண்டாள். பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாளாம். வாடகைத் தாய் முறையைப் பற்றிப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பெயர் எழுத வேண்டாம், இருபது கேள்விகள்தான் என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் கொஞ்சமும் உடன்படவில்லை, கடைசிக் கட்டம் முழுக்க உடன்படுகிறேன்.

"உங்க மதத்துல இது கூடாதுல்ல?" என்று மலர் கேட்டாள்.

"எங்களுக்குக் கூடாதுக்கா. ஆனா கேள்வி கேக்கலாம்லா" என்று ருக்கையா சிரித்தாள்.

இருவரும் மடியில் கைப்பையை வைத்து அதன்மேல் தாளை வைத்து டிக் போட்டார்கள். புனிதா சீக்கிரம் முடித்துவிட்டாள். சும்மா திரும்பியபோது மலரின் தாள் கண்ணில் பட்டது. பதினான்காவது கேள்வி. நெருங்கிய உறவுப் பெண்ணுக்காக அவளுடைய குழந்தையைச் சுமந்து பெற்றுக் கொடுக்க நான் தயார். அதற்கு நேரே கடைசிக் கட்டத்தில், பேனா அழுந்திய நீல டிக்.

புனிதா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் உள்ளே கூப்பிட்டு என்ன சொன்னார் என்பது அன்று அவள் காதில் ஏறவே இல்லை.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, ஏழாவது மாதத்தில், அவள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ரத்தம் நிற்கவில்லை. உயிரைக் காப்பாற்றுவதற்காகக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அவள் கண்விழித்தபோது கமலநாதன் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தான். "நீ இருக்கல்ல, அது போதும்" என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடந்தாள், வேலைக்குப் போனாள், குழந்தைக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் வாங்கி வைத்திருந்த துணிகளை எடுத்துக் கட்டினாள்.

ஆனால் முட்டைப்பை நன்றாக இருக்கிறது என்று பிரிக்பீல்ட்ஸ் டாக்டர் சொன்னார். உங்கள் முட்டை, உங்கள் கணவரின் விந்து, சேர்த்துக் கருவாக்கி உறையவைக்கலாம், சுமக்கத்தான் ஒருத்தி வேண்டும். இந்த நாட்டில் அதற்குச் சட்டம் தெளிவாக இல்லை, வக்கீலை வைத்துத்தான் எதையும் பேச வேண்டும், ஏற்கெனவே பிள்ளை பெற்ற உறவுக்காரப் பெண் யாராவது தானாக முன்வந்தால் மற்றதைப் பார்க்கலாம் என்றார். புனிதா ஊசிமேல் ஊசி போட்டுக்கொண்டாள். வயிறு முழுக்கக் கன்றிப்போனது. நான்கு கருக்கள் கிடைத்தன. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அவற்றை உறையவைத்தார்கள். அத்தோடு எல்லாம் நின்றது. யாரிடம் போய்க் கேட்பது? அவளுக்கு உடன்பிறந்தவள் இல்லை.

இப்போது ஒரு நீல டிக் விழுந்திருந்தது.

கமலநாதனிடம் அன்றைக்கே சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "பாப்போம்" என்றான். ஆண்கள் இதற்கெல்லாம் என்ன சொல்வார்கள், வெட்கப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆறு வாரம் அவள் ஒரு மாதிரி போதையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பூச்சோங்குக்குப் போனாள். மலர் அரிசிப் பையைத் தூக்கினால் ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். மலர் காப்பியைக் குறைக்க வேண்டும், கொஞ்சம் கீரை சாப்பிட வேண்டும், அந்தக் கடையில் நாளெல்லாம் நிற்கக் கூடாது என்றெல்லாம் மனசுக்குள் பட்டியல் போட்டாள். மலரின் இடுப்பைப் பார்த்தாள். இரண்டு பிள்ளை பெற்றும் கெட்டுப்போகாத உடம்பு. அப்படிப் பார்க்கிறோம் என்று உணர்ந்தபோது கூசியது. ஆனாலும் பார்த்தாள்.

கிள்ளானில் அவள் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்த சரக்கு அனுப்பும் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டின்போது யாரோ ஒரு நடிகைக்கு வாடகைத் தாய் மூலம் குழந்தை பிறந்த பேச்சு வந்தது. மூத்தவளான சீதாலெட்சுமி அக்கா, அவளுக்கு உடம்பு கெடக் கூடாது, கஷ்டத்தை மட்டும் இன்னொருத்தி பட வேண்டும் என்றாள். காசு கொடுத்தால் வயிற்றைக்கூடக் கழற்றிக் கொடுப்பார்கள் என்று இன்னொருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். சட்டென்று புனிதா இருப்பது நினைவு வந்து, ஒருத்தி ஊறுகாய் பாட்டிலை எடுத்து மூடினாள். புனிதாவுக்குக் கோபம் வரவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே மேசையில் இதையேதான் அவளும் சொல்லியிருந்தாள், இதைவிடக் கேவலமாக.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலரின் சமையலறையில், வெங்காயம் உரித்தபடியே கேட்டுவிட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "நாலு இருக்கு மலரு. எடம்தான் இல்ல" என்று மட்டும் வந்தது.

மலர் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு ஈரக் கையோடு புனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் டைம் கொடுங்கள் அண்ணி, புருஷன் ஜீவனிடம் பேச வேண்டும் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதைச் சம்மதம் என்றே புனிதா எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது காரில் பாட்டுக்கூடப் போட்டாள்.

பத்து நாள் கழித்து, வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. ஆபீஸ் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். மலரின் குரல் எதையோ பார்த்துப் படிப்பது போல இருந்தது. "அண்ணி, என்னால முடியாது. ஜீவனுக்குப் புடிக்கல. எனக்கும் பயமா இருக்கு. அன்னிக்கு அந்த ஃபார்ம்ல போட்டது சும்மாதான் அண்ணி. அதெல்லாம் யாரு நெஜமா எடுத்துக்குவாங்க. மன்னிச்சிருங்க." நேரில் வந்து சொல்லக்கூடத் தைரியம் இல்லை என்று புனிதா நினைத்தாள். மூன்று தடவை கேட்டுவிட்டு அழித்தாள்.

அதன்பிறகு அவள் மலரைப் பற்றிப் பேசாத இடம் இல்லை. கோவிலில் பேசினாள், சொந்தக்காரர்களிடம் பேசினாள், சீதாலெட்சுமி அக்காவிடம் பேசினாள். வாயால் அள்ளிக் கொடுப்பவள், கை நீட்டினால் மடக்கிக்கொள்வாள் என்றாள். நம்ப வைத்துக் கழுத்தறுத்தாள் என்றாள். கேட்டவர்களில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். மீதிப்பேர், நாத்தனாரிடம் போய் இதைக் கேட்டாளாமே என்று வேறு இடத்தில் பேசினார்கள். அதுவும் அவள் காதுக்குத் திரும்பி வந்தது. கமலநாதன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. தங்கைக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. பூச்சோங்குக்குப் போவதையும் குறைத்துக்கொண்டான். தன் பக்கம் நிற்பதற்கு இவன் ஒருவனாவது இருக்கிறானே என்று அவள் ஆறுதல் பட்டாள். அவனுக்குப் பிடித்த நண்டுக் குழம்பை அடிக்கடி வைத்தாள்.

எட்டு மாதம் கழித்து மலருக்கு மூன்றாவது தங்கிவிட்ட செய்தி வந்தது. நினைத்துப் பார்க்காமல் தங்கியது. செய்தியைக் கேட்ட அன்று புனிதா வீட்டுத் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை மலர் கிள்ளானில் புனிதாவின் வீட்டுக்கு வந்தாள். தனியாக, ரயிலேறி, வெயிலில் நடந்து வந்திருந்தாள். கமலநாதன் வேலைக்குப் போயிருந்தான். தண்ணீர் கொடுத்ததும் குடித்துவிட்டு நேராகவே சொன்னாள். இந்தப் பிள்ளையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஜீவன் சம்மதித்துவிட்டான். பிறந்த அன்றைக்கே கையில் கொடுத்துவிடுகிறேன், எழுதிக் கொடுக்கிறேன், ஒருநாளும் உரிமை கேட்டு வரமாட்டேன் என்றாள்.

புனிதா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் வேறு ஒருத்தி என்றால் காலில் விழுந்திருப்பாளோ என்னவோ. இவளுக்கு வந்தது கோபம்தான்.

"நான் வயித்தத்தான் கேட்டேன். அத முடியாதுன்னுட்ட. இப்ப உனக்கு வேணாத ஒண்ணு மிச்சம் விழுந்ததும், எனக்குத் தூக்கிப் போட வந்துட்டியா?"

மலரின் முகம் வெளிறியது. "மிச்சம்னு சொல்லாதீங்க அண்ணி."

"வேற என்ன சொல்றது? என் புள்ள நாலு அங்க ஐஸ்ல கெடக்குது. அதுக்கு ஒரு வழி சொல்ல உனக்கு மனசில்ல."

"அப்ப உங்களுக்குப் புள்ள வேணாம்" என்றாள் மலர். குரலை உயர்த்தவில்லை. "உங்க புள்ளதான் வேணும். அன்னிக்கு அந்தக் கேள்விக்கு நீங்க என்ன போட்டீங்கன்னு நானும் பாத்தேன். முதல் கட்டம். உங்களுக்கு முடியும்னு வெச்சுக்கிட்டுப் போடுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு, அப்பவும் முதல் கட்டம். அதப் பாத்துட்டுத்தான் நான் அஞ்சாவதுல போட்டேன்."

அது உண்மை. பதினான்காவது கேள்வியைப் படித்ததும், தன் வயிற்றில் இன்னொருத்தி பிள்ளையா என்று புனிதாவின் கை யோசிக்காமல் முதல் கட்டத்துக்குப் போயிருந்தது. அந்த நிமிஷமே மறந்தும் போயிருந்தாள். இப்போது மலர் அதை எடுத்துக் காட்டியபோது, போய்க் கதவைத் திறந்துவிட்டாள். மலர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். வெளியே இரும்புக் கதவைச் சாத்தக்கூட இல்லை.

பிள்ளை மார்ச் மாதம் பிறந்தது. பெண். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். மூன்றாவது முறை என்பதால், இனிமேல் தாங்காது என்று டாக்டர் சொல்ல, அப்போதே கருக்குழாயையும் கட்டிவிட்டார்கள். தாமரை என்று பெயர் வைத்தார்கள். முப்பதாம் நாள் சடங்குக்குப் போகாமல் இருந்தால் ஊர் பேசும் என்று கமலநாதன் சொன்னதால் புனிதா ஒரு தங்க மோதிரம் வாங்கிக்கொண்டு போனாள். ஆட்கள் நிறைந்த வீட்டில் மலர் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். பிள்ளையைத் தூக்கச் சொல்லி யாரோ நீட்டியபோது, கையில் ஈரம் என்று சொல்லிவிட்டு புனிதா சமையலறைக்குள் போனாள்.

மாமியார் வீரம்மா அங்கே பாயாசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மருமகளின் முகம் பொறுக்கவில்லை. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி இருப்பாய், அவள் என்ன செய்வாள் பாவம் என்று ஆரம்பித்தார். செய்ய முடியாது என்று சொன்னவளுக்கு என்ன பாவம் என்று புனிதா கேட்டாள்.

"அவ எங்க சொன்னா?" என்றார் வீரம்மா, கரண்டியை நிறுத்தாமலே. "அவ செய்றேன்னுதானே ஒத்தக்கால்ல நின்னா. ஜீவனே சரின்னுட்டான். உன் வீட்டுக்காரந்தான வந்து ஒக்காந்துகிட்டு வேணாம்னான். தங்கச்சி வயித்துல அண்ணன் புள்ளையான்னு ஊரு காறித் துப்பும், நீயே முடியாதுன்னு அவகிட்ட சொல்லிருன்னான். எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. உனக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சேன்."

புனிதா அடுப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அது சூடாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள். பாயாசம் பரிமாறக் கிண்ணங்களை வீரம்மா எண்ணச் சொன்னபோது எண்ணிக் கொடுத்தாள். இருபத்தாறு. சாப்பிட்டு முடித்தவர்களின் கிண்ணங்களைக் கழுவியும் வைத்தாள். கிளம்பும்போது மலரிடம் போக வேண்டும் என்று இருந்தது. சுற்றி ஆட்கள். போகவில்லை.

கிள்ளானுக்குத் திரும்பும் நெடுஞ்சாலையில் நல்ல மத்தியான வெயில். முன்னால் ஒரு லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. உங்கள் அம்மா எல்லாம் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னாள். கமலநாதன் லோரியை முந்திப் போனான். இல்லை என்று மறுக்கவில்லை.

"நான் சொல்லியிருந்தா நீ தாங்கியிருக்க மாட்ட" என்றான்.

"அவ சொன்னதத் தாங்குனேனா?"

"அவ தங்கச்சி. நாளைக்குச் சேந்துக்கலாம். நான் சொல்லியிருந்தா நீ என்னை விட்டுட்டுப் போயிருப்ப."

அவன் பயந்தது உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் வெறுத்துவிடலாம். தன்னை விட்டுவிடக் கூடாது என்பதற்காக, தன் ஆசையையும் தங்கையின் பேரையும் ஒன்றாகப் புதைத்திருக்கிறான். புதைத்த இடத்தின் மேல் உட்கார்ந்து ஒன்றரை வருடமாக அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டிருக்கிறான்.

டோல் தாண்டியதும் அவன் மெதுவாக ஆரம்பித்தான். வேலையிடத்தில் ஒருவருக்குத் தெரிந்த ஏஜெண்ட் இருக்கிறாராம். வெளிநாட்டில் எல்லாம் முடித்துக் கொடுப்பார்களாம். அந்தப் பெண் யார் என்று நமக்கும் தெரியாது, நாம் யார் என்று அவளுக்கும் தெரியாது. பிள்ளையோடு வந்து இறங்கினால் எங்கேயோ எடுத்து வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் இதைப் பல நாளாக விசாரித்து வைத்திருந்தான் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அந்தப் பொம்பளைக்கு அண்ணன் இருக்கானா?" என்று புனிதா கேட்டாள்.

அவனுக்குப் புரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை ஆபீஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு மலரைக் கூப்பிட்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்றாள். அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்கும் சத்தம். மலர் உடனே அழுதுவிடுவாள், தானும் அழுதுவிடலாம் என்று புனிதா நினைத்திருந்தாள். மலர் அழவில்லை.

"நல்லது அண்ணி. என்னைப் பத்தி எங்கெல்லாம் பேசுனீங்களோ, அங்கெல்லாம் போய் இதையும் சொல்லிருவீங்களா?"

புனிதா யோசித்தாள். சொன்னால் கமலநாதன் பெயர் கெடும். அவளுக்கு நாற்பது ஆகப்போகிறது. இருப்பது அவன் ஒருவன்தான். அவள் யோசித்த அந்த நேரமே மலருக்குப் போதுமானதாக இருந்தது. பால் கொடுக்கணும் அண்ணி, வைக்கிறேன் என்றாள்.

புனிதா யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. புருஷனை விட்டும் போகவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். நண்டுக் குழம்பு மட்டும் வைப்பதில்லை. தீபாவளிக்குப் புனிதா மலரின் பிள்ளைகளுக்குத் துணி எடுத்து அனுப்பினாள். மலர் நன்றி என்று ஒரு வரி போட்டாள்.

அந்த வருடக் கடைசியில், கமலநாதன் சொன்ன ஏஜெண்ட் தம்புசாமி வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு. சுமக்கப்போகிறவர்களின் படங்கள் அதில் இருந்தன, பெயர் இல்லாமல், எண் மட்டும் போட்டு. கமலநாதன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். காலை வெளிச்சத்தில் புனிதா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஒல்லியான ஒருத்தி, மூக்குத்தி போட்ட ஒருத்தி, எங்கேயோ பார்த்துச் சிரிக்கும் ஒருத்தி. முகங்களைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். கண் முகத்தில் நிற்கவில்லை. இடுப்புக்கு இறங்கியது.

"இவங்களுக்கு எத்தன புள்ள?" என்று கேட்டாள்.